பங்குனியில் கிளம்பும் உள்ளான்கள்: பழவேற்காடு ஏரி, ஆந்திரப் பக்கம், எங்கே எப்போது பார்க்கலாம்?

அம்பத்தூர்_டீச்சர் | மார்ச் 19, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். ஜனவரியில் சூலூர்பேட்டை பூநாரைத் திருவிழா சமயத்தில் வீட்டோடு வந்தோம். கூட்டமோ கூட்டம். பூநாரை தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு மாதிரி தெரிந்தது, அவ்வளவுதான். என் மகளுக்கு (ஏழாவது படிக்கிறாள்) சாலையோரச் சேற்றில் ஓடிக்கொண்டிருந்த சின்னச் சின்னப் பறவைகள்தான் பிடித்துப் போயின. பெயர் கேட்டாள், எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் முதல் வாரம் மறுபடி வரலாம் என்று பார்க்கிறோம். அக்கம்பக்கத்தில் கேட்டால் சீசன் முடிந்துவிட்டது, பறவையெல்லாம் போயிருக்கும் என்கிறார்கள். நிஜமா? வந்தால் அந்தச் சின்னப் பறவைகள் இருக்குமா?

காளங்கிக்கரை | மார்ச் 19, இரவு 10.05

அக்கா, கட்டாயம் வாருங்கள். இதையே பல வருடமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஜனவரியில் வருகிறவர்கள் பூநாரையையும் கூழைக்கடாவையும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தச் சின்னப் பறவைகளுக்கு நடக்கும் பெரிய விஷயம் பங்குனியிலும் சித்திரையிலும்தான். அப்போது பார்த்து ஏரிக்கரையில் ஆளே இருக்காது.

உங்கள் மகள் பார்த்தவை பெரும்பாலும் கொசு உள்ளான், வளைமூக்கு உள்ளான், உப்புக்கொத்தி இந்த மூன்றாகத்தான் இருக்கும். ஆப்பில் தேடினால் லிட்டில் ஸ்டின்ட், கர்லூ சாண்ட்பைப்பர், சாண்ட் ப்ளவர் என்று வரும். ஜனவரியில் எல்லாமே சாம்பலும் வெள்ளையும்தான். ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாமல் பெரியவர்களே திணறுவார்கள். மார்ச் நடுவிலிருந்து இறகு மாறத் தொடங்கும். வளைமூக்கு உள்ளானின் மார்பில் முதலில் திட்டுத் திட்டாகச் செம்மண் நிறம் வரும். ஏப்ரல் கடைசிக்குள் தலையிலிருந்து வயிறு வரை சூளையில் வெந்த செங்கல் நிறம். சாம்பல் உப்புக்கொத்திக்கு முகத்திலிருந்து வயிறு வரை கன்னங்கரேல் என்று ஆகிவிடும். ஜனவரியில் பார்த்த அதே பறவை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

நிறம் ஏறி முடிந்ததும் கிளம்பிவிடும். வளைமூக்கு உள்ளான் முட்டையிடுவது சைபீரியாவின் வடகோடியில், தைமீர் பக்கத்துத் துந்திரத்தில். இங்கிருந்து நேர்கோடு போட்டாலே கிட்டத்தட்ட 7,000 கிலோமீட்டர்.

தடா_கேட் | மார்ச் 20, காலை 6.30

எல்லாமே சைபீரியா போகிறது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், அது சரியில்லை. பழுப்புத்தலைக் கடற்காக்கை லடாக், திபெத் ஏரிகளுக்குப் போகிறது. மார்ச்சில் அதன் தலையைப் பாருங்கள், காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்திருக்கும். இங்கே அதிகம் தெரியும் சின்ன உப்புக்கொத்தியும் இமயமலைக்கு அந்தப்புறம்தான், லடாக்கிலும் கூடு வைக்கிறது. ஒரே சேற்றில் பக்கத்துப் பக்கத்தில் மேய்கிற இரண்டு பறவைகளில் ஒன்று மலை ஏறும், இன்னொன்று துருவத்துப் பக்கம் போகும்.

அம்பத்தூர்_டீச்சர் | மார்ச் 20, மாலை 4.15

ரொம்ப நன்றி. எப்படி வருவது, எங்கே நிற்பது என்று கொஞ்சம் சொல்லுங்களேன். எங்களிடம் கார் இல்லை. ஒரு பைனாகுலர் இருக்கிறது.

காளங்கிக்கரை | மார்ச் 20, இரவு 9.50

ரயிலே போதும். சென்னையிலிருந்து சூலூர்பேட்டைக்கு மின்சார ரயில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி தாண்டி எளாவூர், ஆரம்பாக்கம், தடா, அக்கம்பேட்டை, அப்புறம் சூலூர்பேட்டை. முதல் வண்டியைப் பிடித்தாலும் இறங்கும்போது வெயில் ஏறியிருக்கும். அதனால் முதல் நாள் சாயங்காலமே வந்து தங்கிவிடுங்கள். ஏப்ரலில் ஒன்பது மணிக்கு மேல் கானல் எழும்பிவிடும். தண்ணீருக்கு மேல் காற்றே நெளியும், எந்தக் கண்ணாடி வைத்தாலும் பறவை கலங்கித்தான் தெரியும். ஐந்தே முக்காலுக்கு ஏரியில் இருக்க வேண்டும்.

ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ பேசி ஸ்ரீஹரிகோட்டா சாலையில் போங்கள். ஏரியைக் கிழித்துக்கொண்டு போகிற சாலை, இரண்டு பக்கமும் தண்ணீர். அட்டகானிதிப்பா வரை போனால் போதும். தீவுக்குள் ராக்கெட் ஏவுதளம் இருப்பதால் நுழைய அனுமதி கிடையாது, சோதனைச் சாவடிப் பக்கம் கேமராவைத் தூக்கவே வேண்டாம். ராக்கெட் விடும் நாட்களில் சாலையிலேயே கெடுபிடி இருக்கும், தேதி பார்த்துக் கிளம்புங்கள்.

இன்னொன்று. சாலை கிழக்கே போகிறது. காலையில் போகும்போது சூரியன் நேரே முகத்தில் அடிக்கும், பறவையெல்லாம் கருநிழலாகத் தெரியும். அதனால் விடியும் முன்பே கடைசி வரை போய்விட்டு, சூரியனை முதுகில் வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது ஒவ்வொரு மதகாக நின்று பாருங்கள். மதகு வாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், இரை அங்கேதான் சேரும். ஏப்ரலில் ஏரியின் வடபக்கம் வற்றி வெடித்துப்போய், மேலே உப்புப் பூத்துக் கிடக்கும். ஈரம் மிச்சமிருக்கிற ஓரத்தில் எல்லாப் பறவையும் வந்து குவியும். கோடை பார்ப்பதற்கு நல்ல காலம் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

லென்ஸ்_400 | மார்ச் 21, காலை 11.20

காளங்கி ஆறு ஏரியில் கலக்கும் இடத்தில் போன வாரம் இருந்தேன். சேற்றில் இறங்கி ஊர்ந்து போனால் 10 மீட்டரில் படம் கிடைக்கிறது. கூட்டத்தை ஒரு தடவை கிளப்பிவிட்டால் பறக்கும் படமும் நன்றாக வரும், சுற்றிவிட்டுத் திரும்ப அங்கேயேதான் உட்காருகின்றன. டீச்சர் பைனாகுலரில் பார்ப்பதைவிட இது மேல்.

காளங்கிக்கரை | மார்ச் 21, பகல் 1.35

தம்பி, உங்கள் படங்களை இங்கே பார்த்திருக்கிறேன், அருமையாக எடுக்கிறீர்கள். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நான் உடன்பட முடியாது.

கணக்கைப் பாருங்கள். வளைமூக்கு உள்ளான் மெலிந்திருக்கும்போது 50 சொச்சம் கிராம். கிளம்பும் முன் கொழுப்பு ஏற்றி 80, 90 கிராம் வரைக்கும் போகும். அந்த 30 கிராம்தான் அதற்கு டீசல், வழிச்செலவு எல்லாம். சேற்றுக்குள் இருக்கும் புழுவையும் குட்டி இறாலையும் ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்துச் சேர்த்தது. நாம் கிளப்பிவிடுகிற ஒவ்வொரு தடவையும் அதில் கொஞ்சம் எரிகிறது, மேய்கிற நேரமும் போகிறது. திரும்ப அங்கேயே உட்காருவது பயம் போனதால் இல்லை. வேறு இடம் இல்லை. மிச்சமெல்லாம் வற்றிவிட்டது.

ஜனவரியில் கிளப்பினால் அது ஈடுகட்ட மாதக்கணக்கில் நேரம் இருக்கிறது. ஏப்ரல் 15-க்கு மேல் கிளப்பினால் நாட்கணக்குதான்.

தடா_கேட் | மார்ச் 21, பகல் 2.10

கூடவே ஒன்று. 2024 அக்டோபரில், எந்த இனம் அழியும் அபாயத்தில் இருக்கிறது என்று சொல்லும் உலகச் சிவப்புப் பட்டியலைப் புதுப்பித்தபோது வளைமூக்கு உள்ளானையும் சாம்பல் உப்புக்கொத்தியையும் அழிவாய்ப்புள்ள இனங்கள் என்று மாற்றினார்கள். சாம்பல் உப்புக்கொத்தி அதுவரை கவலையில்லாத பறவைகளில் இருந்தது. கல்திருப்பி உள்ளானுக்கும் அபாயம் ஒரு படி கூடியிருக்கிறது. நாம் தினம் பார்ப்பதால் நிறைய இருப்பதாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

லென்ஸ்_400 | மார்ச் 21, இரவு 7.45

சரிங்க அண்ணே. கொழுப்புக் கணக்கு எனக்குத் தெரியாது. தூரத்தில் உட்கார்ந்தால் அவையே பக்கத்தில் வரும் என்கிறார்களே, எவ்வளவு நேரம் உட்கார வேண்டும்?

காளங்கிக்கரை | மார்ச் 21, இரவு 8.20

ஒரு மணி நேரம் கணக்கு வையுங்கள். தண்ணீர் ஓரத்திலிருந்து 60, 70 அடி தள்ளி, மேட்டில், காற்று முகத்துக்கு நேரே வருகிற மாதிரி. பளிச்சென்ற சட்டை வேண்டாம். எழுந்து நிற்கக்கூடாது. முதல் இருபது நிமிடம் ஒன்றும் வராது. அப்புறம் கொசு உள்ளான்தான் முதலில் துணியும். அது வந்தால் மற்றவையும் பின்னாலேயே வரும்.

சேற்றில் இறங்கவே வேண்டாம். நான் ஒருமுறை முழங்கால் வரை இறங்கி, முக்காலியை ஊன்றிக்கொண்டு காலை எடுக்க அரைமணி நேரம் ஆனது. மேலே காய்ந்த ஓடு, கீழே கூழ். பிள்ளைகளோடு வருகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

இருக்கத்துப்_பிள்ளை | மார்ச் 22, இரவு 9.30

நான் இருக்கம் தீவு. ஏரிக்குள்ளே இருக்கிற ஊர், ஆந்திரா கணக்கு, ஆனால் வீட்டில் தமிழ்தான். பீமுனிவாரிபாளையத்திலிருந்து படகில் வர வேண்டும். இந்த இழையை வாசித்துக்கொண்டே இருந்தேன், எங்கள் பக்கமும் கொஞ்சம் சொல்லலாம் என்று தோன்றியது.

படகெடுத்துப் பறவை பார்க்க வருகிறவர்களுக்கு முதலில் தெரிய வேண்டியது பாடு. ஏரியில் வலை போட எந்த ஊர், எந்தக் குடும்பம், எந்த நாள், எந்த இடம் என்று எங்களுக்குள் முறை வைத்திருக்கிறோம். அதுதான் பாடு. தண்ணீர் பல இடத்தில் இடுப்பளவுகூட இல்லை, கோல் ஊன்றித்தான் தள்ளுவோம். எங்கிருந்தோ வாடகைக்கு எடுத்த மோட்டார் படகு குறுக்கே போனால் வலையும் போகும், அன்றைய பாடும் போகும். அந்தக் குடும்பத்துக்கு அடுத்த முறை வர நாளாகும். போன தையில் ஒரு சுற்றுலாப் படகு பூநாரைக் கூட்டத்தைக் கிளப்பிப் படம் எடுக்க நேரே விட்டார்கள். கூட்டமும் போனது, எங்கள் சித்தப்பா வலையும் போனது. யார் என்று சொல்லிப் பயனில்லை. இனிமேல் வருகிறவர்கள் உள்ளூர் ஆளோடு வாருங்கள், அவருக்கு வலை எங்கே இருக்கிறது என்று தெரியும்.

பறவை விஷயம். எங்கள் தாத்தா காலத்தில் உள்ளானைக் கண்ணி வைத்துப் பிடித்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். மறைக்க ஒன்றுமில்லை. பங்குனி உள்ளானுக்குத்தான் ருசி அதிகம் என்பார், தோலுக்கடியில் மஞ்சளாகக் கொழுப்பு இருக்குமாம். காளங்கிக்கரை அண்ணன் எழுதிய 30 கிராம் கணக்கை வாசித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது. இப்போது எங்கள் ஊரில் யாரும் பிடிப்பதில்லை. சட்டம் 1972-லேயே வந்துவிட்டது, ஊர் நிறுத்தியது அதற்கு எவ்வளவோ பிறகு.

காளங்கிக்கரை | மார்ச் 22, இரவு 10.15

தம்பி, நீங்கள் இதை எழுதியதற்கு மனமார நன்றி. தாத்தா சொன்ன மஞ்சள் கொழுப்பு நூற்றுக்கு நூறு சரி. பறவையின் காலில் அடையாள வளையம் போடுகிறவர்கள் மார்பு இறகை லேசாக ஊதி விலக்கிப் பார்ப்பார்கள். கழுத்துக் குழியில் மஞ்சளாகக் கொழுப்பு எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை வைத்துத்தான் பறவை கிளம்பத் தயாரா என்று மதிப்பிடுவது. கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாக இப்படி வளையம் போட்டு வருகிறார்கள்.

இன்னொரு அதிசயம் சொல்கிறேன். நெடுந்தூரம் பறக்கும் பட்டைவால் மூக்கனை ஆராய்ந்தபோது, கிளம்புவதற்கு முன் அதன் இரைப்பையும் குடலும் சுருங்கிவிடுவதைக் கண்டார்கள். வழியில் சாப்பிடப் போவதில்லை, அப்புறம் எதற்கு அந்தப் பாரம். 2022-ல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரைக்கும் ஒரு இளம் பட்டைவால் மூக்கன் 13,560 கிலோமீட்டர் எங்கும் இறங்காமல் 11 நாளில் பறந்தது. செயற்கைக்கோள் கருவி கட்டிப் பின்தொடர்ந்த கணக்கு அது. நம் ஏரிக்கு வருவது வேறு கூட்டம், வேறு பாதை. ஆனால் பறவை அதே இனம். காலை ஏழு மணிக்கு முழங்கால் தண்ணீரில் நின்று சேற்றைக் குத்திக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது மனதில் ஓடும்.

புதுக்கண் | மார்ச் 29, பகல் 12.05

படம் இணைத்திருக்கிறேன். இன்று காலை 6.40, அட்டகானிதிப்பாவுக்கு மேற்கே இரண்டாவது மதகு. மார்பில் ஆரஞ்சுப் பட்டை, கண்ணைச் சுற்றிக் கருப்பு. பெரிய உப்புக்கொத்தியா, சின்னதா? கால் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிந்தது.

காளங்கிக்கரை | மார்ச் 29, பகல் 12.50

கால் வெளுப்பு, அலகும் தடியாக இருக்கிறது. பெரிய உப்புக்கொத்தி என்றுதான் படுகிறது.

தடா_கேட் | மார்ச் 29, பகல் 2.25

அண்ணே, எனக்கு ஒப்பவில்லை. காலில் காய்ந்த சேறு ஒட்டியிருக்கிறது, மூன்றாவது படத்தில் பெரிதாக்கினால் விரல் பக்கம் கருஞ்சாம்பல் தெரிகிறது. அலகை அளந்து பார்த்தேன். அலகின் அடியிலிருந்து கண்ணின் பின்னோரம் வரை உள்ள தூரத்தை அலகின் நீளத்தோடு ஒப்பிட்டால், இதில் அலகு அந்தத் தூரத்தைத் தாண்டவில்லை. பெரிய உப்புக்கொத்திக்குக் கட்டாயம் தாண்டும், நுனியும் நீண்டு கூராக இருக்கும். இது சின்னதுதான்.

அதோடு, சின்ன உப்புக்கொத்தியையே இப்போது இரண்டு இனமாகப் பிரித்துவிட்டார்கள், திபெத்து ஒன்று, சைபீரியா ஒன்று. சாம்பல் நிறத்தில் இருக்கும்போது பிரிப்பது பெரும்பாடு. இந்த மாதத்தில் எளிது. சைபீரியப் பறவைக்கு நெற்றியில் வெள்ளை இருக்கும், வெள்ளைத் தொண்டைக்கும் செம்மார்புக்கும் நடுவே மெல்லிய கருங்கோடு ஓடும். இந்தப் பறவைக்கு நெற்றி முழுக்கக் கருப்பு, கோடும் இல்லை. திபெத்துதான்.

காளங்கிக்கரை | மார்ச் 29, மாலை 5.10

மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தடா சொல்வதுதான் சரி, கால் நிறத்தை நம்பி நான் தவறிவிட்டேன். புதுக்கண், பட்டியலில் திபெத்து உப்புக்கொத்தி என்றே போடுங்கள். இந்த மூன்று படத்தையும் தனியாகச் சேமித்து வையுங்கள், புதிதாக வருகிறவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல படம் கிடைக்காது.

முந்திரித்தோப்பு | ஏப்ரல் 2, காலை 9.15

தண்ணீர்ப் பறவையை மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறோம். தோப்புப் பக்கமும் ஒரு பார்வை இருக்கட்டும். எங்கள் முந்திரித் தோப்பில் ஆறுமணிக்குருவி இன்னும் இருக்கிறது. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் இரண்டே சுரத்தில் விசில் அடிக்கும், பெயரே அதனால்தான். பச்சை முதுகு, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, வால் இருப்பதே தெரியாது. குளிர்காலம் முழுக்கச் சருகுக்குள் புழு பொறுக்கிக்கொண்டிருந்துவிட்டு இந்த மாதம் வடக்கே, நடு இந்தியாவுக்கும் இமயமலை அடிவாரத்துக்கும் திரும்பும். இரவில்தான் பறக்கிறது. விடியற்காலையில் களைத்துப்போய் வீட்டு ஜன்னலில் மோதி விழுந்து கிடந்தால் ஒரு அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, இருட்டில், சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள். பெரும்பாலும் சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். சாயங்காலம் தோப்பு ஓரத்தில் திறந்துவிட்டால் தானே போய்விடும்.

சூறைக்குருவியும் கிளம்பத் தயாராகிவிட்டது. கல்யாண முருங்கைப் பூவில் கூட்டமாகத் தேன் குடிக்கிறது, ரோஜா நிறம் நன்றாக ஏறிவிட்டது.

லென்ஸ்_400 | ஏப்ரல் 2, காலை 10.40

ஆறுமணிக்குருவிக்கு அதன் குரலை மொபைலில் போட்டால் வெளியே வருமா?

முந்திரித்தோப்பு | ஏப்ரல் 2, காலை 11.05

வரும். அதனால்தான் போடக் கூடாது என்கிறேன். இன்னொரு பறவை தன் இடத்துக்குள் வந்துவிட்டது என்று நினைத்துத் தின்பதை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும். உள்ளானுக்கு அண்ணன் சொன்ன அதே கணக்குதான் இதற்கும். சருகில் கலகலவென்று சத்தம் வரும் இடத்தில் மரத்தில் சாய்ந்து உட்காருங்கள். எங்கள் தோப்புக்கே வாருங்கள், நான் கூட இருக்கிறேன்.

அம்பத்தூர்_டீச்சர் | ஏப்ரல் 6, இரவு 9.00

போய்விட்டு வந்தோம். நேற்றும் இன்றும்.

நீங்கள் சொன்னபடி இருட்டோடு கடைசி வரை போய்விட்டுத் திரும்பினோம். மூன்றாவது மதகுப் பக்கம் ஆட்டோவை நிறுத்தி, மேட்டில் ஒரு பெட்ஷீட் விரித்து உட்கார்ந்தோம். மகள் மடியில் நோட்டு. இருபது நிமிடம் உண்மையிலேயே ஒன்றும் வரவில்லை. அப்புறம் கொசு உள்ளான் ஐந்து. தையல் மெஷின் ஊசி மாதிரி குத்திக்கொண்டே வந்தன. அவற்றின் பின்னால் வளைமூக்கு உள்ளான்கள், முப்பதுக்கு மேல்.

எங்களுக்குக் கிட்டே வந்த ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாதி மாறிய பறவை. முதுகில் பழைய சாம்பல் இறகு நுனி தேய்ந்து வெளிறிப்போய் இருந்தது. அதற்கு நடுவிலேயே புது இறகு, கருப்பு, ஓரத்தில் துருநிறம், அப்போதுதான் இஸ்திரி போட்ட மாதிரி. மார்பில் செங்கல் நிறம் வட்டம் வட்டமாக. அலகைக் கண் வரை சேற்றுக்குள் விட்டது. வெளியே எடுத்தபோது நுனியில் ஒரு சிவப்புப் புழு இழுபட்டு நீண்டது, அறுந்துவிடாமல் மெதுவாக இழுத்தது. பிறகு இரண்டு எட்டு நடந்து, தண்ணீரில் அலசிவிட்டு விழுங்கியது. அலசித் தின்னும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. மகள் அதையே நான்கு முறை பார்த்து நான்கு கோடு போட்டிருக்கிறாள்.

எட்டரை மணிக்கு மூன்று தெரு நாய்கள் சேற்றோரமாக ஓடிவந்தன, எல்லாம் பறந்துவிட்டன. அரை மணி நேரம் காத்திருந்தோம், வரவில்லை. வெயில் தாங்காமல் கிளம்பிவிட்டோம்.

ஒரு கேள்வி. நம் ஊரில் பகல் நேரம் பெரிதாகக் கூடுவதில்லையே, கிளம்பும் காலம் என்று பறவைக்கு எப்படித் தெரிகிறது? மகள் கேட்கிறாள்.

தடா_கேட் | ஏப்ரல் 6, இரவு 9.50

நல்ல கேள்வி, மகளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். பகல் நீளம் ஒரு காரணம்தான், இங்கே மார்கழிக்கும் ஆனிக்கும் ஒன்றரை மணி நேரம் அளவுக்குத்தான் வித்தியாசம். ஆனால் பறவைக்குள்ளேயே ஒரு ஆண்டுக் கடிகாரம் ஓடுகிறது. உள்ளான் வகைகளைக் கூண்டில் ஒரே அளவு வெளிச்சத்தில், ஒரே வெப்பத்தில் வைத்துப் பார்த்தார்கள். வெளியே காலம் மாறுவது தெரியாமலே அவை ஆண்டுதோறும் இறகு மாற்றின, கொழுப்பும் ஏற்றின. பகல் நீளம் அந்தக் கடிகாரத்தை முன்னே பின்னே திருத்திக் கொடுக்கிறது. எந்த நாள் என்பதைக் காற்று முடிவு செய்கிறது. சித்திரையில் தெற்கிலிருந்து அடிக்கிற காற்று அவற்றுக்கு முதுகுக் காற்று.

காளங்கிக்கரை | ஏப்ரல் 21, இரவு 8.35

இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன், கை கழுவுவதற்கு முன் எழுதிவிடுகிறேன்.

காளங்கி முகத்தில் மாலை ஐந்து மணியிலிருந்து இருந்தேன். நல்ல தென்காற்று. வளைமூக்கு உள்ளான்கள் நூறுக்கு மேல், பாதிக்கு மேல் முழுச் சிவப்பு. வழக்கமாக அந்த நேரத்தில் குனிந்த தலை நிமிராது. இன்று மேயவில்லை. குளித்தன, இறகைக் கோதின, மறுபடி குளித்தன. ஐந்தே முக்கால் வாக்கில் சலசலப்பு தொடங்கியது. எல்லாம் ஒரே நேரத்தில் பேசுகிற மாதிரி, மென்மையாக, நிறுத்தாமல். சின்னக் கூட்டம் ஒன்று எழும்பி, ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்கியது. மறுபடி எழும்பியது, மறுபடி இறங்கியது.

6.12-க்கு நாற்பது பறவை வரை எழும்பின. இந்த முறை இறங்கவில்லை. வழக்கமாகத் தண்ணீரை ஒட்டித்தான் பறக்கும், இன்று உயரம் ஏறிக்கொண்டே போயின. கூப்பிட்டுக்கொண்டே. பனை உயரம், அதற்கு மேல், அதற்கும் மேல். குழப்பமாக இருந்த கூட்டம் மேலே போகப் போக ஒரு கோடாக நீண்டு, நடுவில் வளைந்து, அம்பு மாதிரி ஆனது. வடமேற்குப் பக்கம். குரல் கடைசி வரை கேட்டது, கண்ணுக்கு மறைந்த பிறகும் கேட்டது. கீழே நின்றவை தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் மேலே பார்த்தன.

பதினோரு வருடமாக வருகிறேன், கிளம்புவதை முழுதாகப் பார்த்தது இது மூன்றாவது தடவை. செங்காளம்மன் கோயில் பக்கம் வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டுத்தான் வந்தேன்.

லென்ஸ்_400 | ஏப்ரல் 21, இரவு 9.05

படம் எடுத்தீர்களா அண்ணே?

காளங்கிக்கரை | ஏப்ரல் 21, இரவு 9.10

இல்லை தம்பி. கேமராவை எடுக்கத் தோன்றவில்லை. நாளைக்கும் தென்காற்று இருக்கும் போலிருக்கிறது. நாலரைக்கு ஸ்டேஷனுக்கு வந்தால் கூட்டிப் போகிறேன்.

லென்ஸ்_400 | ஏப்ரல் 22, இரவு 10.20

போனோம். இரண்டு கூட்டம், 25 ஒன்று, 60 பக்கம் ஒன்று. மேட்டிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. என்னிடம் இருக்கும் படத்தில் மங்கின வானத்தில் ஒரு கோடு மட்டும்தான் இருக்கிறது. அதைத்தான் சுவரில் மாட்டப் போகிறேன்.

இருக்கத்துப்_பிள்ளை | ஏப்ரல் 23, காலை 5.40

இந்தச் சத்தம் எங்களுக்கு நன்றாகத் தெரியும். சாயங்காலம் வலை கட்டப் போகும்போது தலைக்கு மேலே போகும். எங்கே போகிறது என்று இத்தனை நாள் யோசித்ததில்லை. நேற்று அம்மாவிடம் சொன்னேன். அவ்வளவு தூரத்துக்கா, இந்தச் சேற்றைத் தின்றுவிட்டா என்றார்கள்.

அம்மா சொன்னது சரியான கேள்விதான். சேறு நன்றாக இருந்தால்தான் புழு, இறால், நண்டு எல்லாம். வடபக்கம் ராயதொருவு முகத்துவாரம் மண் மேவிப்போய்க் கடல் தண்ணீர் உள்ளே வருவது குறைந்தால் ஏரி சீக்கிரம் வற்றுகிறது, உப்பு ஏறுகிறது. எங்களுக்கு வெள்ளை இறால் குறைகிறது. உள்ளானுக்கும் அப்படித்தானே இருக்கும்? முகத்துவாரத்தைப் பற்றி மனு கொடுக்கும்போது எங்கள் ஊர்க் கையெழுத்து மட்டும்தான் இருக்கிறது. பறவை பார்க்கிறவர்களும் சேர்ந்து போடலாம் இல்லையா?

காளங்கிக்கரை | ஏப்ரல் 23, காலை 7.15

கண்டிப்பாகப் போடலாம். பதினோரு வருடக் கணக்கு என்னிடம் நோட்டில் இருக்கிறது, எந்த மாதம் எந்த இடம் வற்றியது, எத்தனை பறவை என்று. அதைச் சுத்தமாக எழுதித் தருகிறேன், மனுவோடு இணையுங்கள். தெலுங்கில் எழுத ஆள் வேண்டும்.

முந்திரித்தோப்பு | ஏப்ரல் 23, காலை 8.00

தெலுங்கு நான் எழுதுகிறேன். பள்ளிக்கூடம் தெலுங்கு மீடியம்தான். ஞாயிற்றுக்கிழமை தடாவில் உட்காரலாம்.

அம்பத்தூர்_டீச்சர் | மே 10, மாலை 6.30

விடுமுறை என்பதால் இன்னொரு முறை வந்தோம். பெரும்பாலும் போய்விட்டன. ஆனால் அதே மதகில் 11 வளைமூக்கு உள்ளான்கள் நின்றன, ஒன்றில்கூடச் சிவப்பே இல்லை. ஜனவரி மாதிரி சாம்பலாகவே இருக்கின்றன. உடம்பு சரியில்லாத பறவைகளோ என்று மகள் கவலைப்படுகிறாள்.

தடா_கேட் | மே 10, இரவு 7.20

நோய் இல்லை. போன ஆண்டு பிறந்த இளசுகள். இந்த வகைகளில் பல, முதல் கோடையை வந்த இடத்திலேயே கழிக்கும். கூடு வைக்கிற வயது வரவில்லை, நிறமும் ஏறாது, கொழுப்பும் ஏற்றாது. அடுத்த பங்குனியில்தான் சிவக்கும். ஆடிக் கடைசி, ஆவணி வாக்கில் பெரிய பறவைகள் திரும்பி வரும்போது அவற்றின் வயிற்றில் பழைய செங்கல் நிறம் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கும். அப்போது வந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம்.

இருக்கத்துப்_பிள்ளை | மே 10, இரவு 8.45

அக்கா, ஆவணியில் வருவதானால் எங்கள் வீட்டிலேயே தங்கலாம். முன்னமே சொல்லுங்கள், படகோடு வந்து கூட்டிப் போகிறேன்.

இப்போது வருகிறவர்களுக்கு ஒரு விஷயம். தீவுக்குக் கிழக்கே கிளிஞ்சல் கொட்டிக் கிடக்கும் மணல் திட்டில் சின்ன ஆலா முட்டை வைத்திருக்கிறது, உள்ளூர் உப்புக்கொத்தியும் வைத்திருக்கிறது. வெறும் மணலில், கூடு எதுவும் இல்லாமல், கிளிஞ்சலோடு கிளிஞ்சலாக இருக்கிறது. நேற்று வலை காயப்போடப் போனபோது காலடியில் பார்த்தேன், இரண்டு முட்டை. இன்றிலிருந்து படகை மேற்குப் பக்கம் கட்டுகிறோம். யாரும் அந்தத் திட்டில் இறங்க வேண்டாம்.